எட்டுப் பெட்டி

எனக்குப் பாட வராது.
போதகரிடம் அதைச் சொன்னேன்.
"பிள்ளைகளைச் சிரிக்க வைக்க வருமே" என்றார்,
மண்டபத்துச் சாவியை
மருந்துச் சிட்டைகளுக்கு மேல் வைத்துவிட்டுப் போனார்.

பத்தொன்பது பேர். ஐந்து கிழமை. ஒளிவிழாவுக்கு ஒரு பாட்டு.
பகல் முழுக்கக் காலி வீதி பார்மசியில்
இருமல் பாணி எடுத்துக் கொடுத்த கையோடு
வெள்ளவத்தை ஒழுங்கைக்குள் இறங்கிக்
கதவைத் திறப்பேன்.
உள்ளே போன வருஷத்து நட்சத்திரமும்
ஒரு கால் இல்லாத கீபோர்ட் ஸ்டாண்டும்.

முதல் நாள் பாட்டுத் தாள் கொடுத்தேன்.
ஆறு ரொக்கெட். நாலு விசிறி.
ஒன்றை ஷெவோன் தின்றான்.

அடுத்த நாள் தாள் இல்லை, சோக்குக்கட்டி.
நிலத்தில் கெந்திக் கட்டம் கீறி
கட்டத்துக்கொரு சொல் எழுதினேன்.
பாடினால் கெந்தலாம்;
சொல் மறந்தால் நின்ற இடத்தில் கொக்கு.
"கருணை" விழுந்தது வெடித்த டைலில்.
கூரை ஒழுக்கு அங்கேதான் தேங்கும்.
சொக்ஸ் நனையக் கூடாதென்று
எல்லாரும் அந்தச் சொல்லில் ஒரு சாண் பாய்ந்தார்கள்.
நானும் திருத்தவில்லை.
கருணைக்குக் கொஞ்சம் பாயத்தானே வேண்டும்.

அல்லேலூயாவில் எத்தனை லூ?
அமரிஷாவுக்கு மூன்று,
இரட்டையர் ஜொவிட்டா, ஜொவானாவுக்கு முடிவே இல்லை.
மாத்திரைப் பைக்குப் போடும் ரப்பர் பட்டியை
இழுத்துக் காட்டினேன்: இவ்வளவுதான் லூ.
அது அறுந்து என் மூக்கில் பட்ட அன்று
அத்தனை பேரும் சரியாகப் பாடினார்கள்.

முதலாம் சரணம் நூறாம் நம்பர் பஸ் கொண்டக்டரைப் போல,
இரண்டாம் சரணம்
குழந்தை தூங்கும் வீட்டில் புகுந்த திருடரைப் போல.

ஐந்தரைக்குச் சூன் பாண் ஓட்டோ வரும்.
அதன் மெட்டுக்குள்
பத்தொன்பது குரலும் வழுக்கி விழும்.
பந்தயம் வைத்தேன்:
ஓட்டோ சந்தி தாண்டும்வரை தன் மெட்டை விடாதவருக்கு
ஒரு மாலுபாண்.
முதல் கிழமை என் காசு என்னிடமே இருந்தது.
மூன்றாம் கிழமை பதினொரு மாலுபாண்.
பந்தயக் கதை காதில் விழுந்ததும் பிரசன்ன
சத்தத்தைக் கூட்டி
மண்டப வாசலிலேயே நிறுத்தத் தொடங்கினார்.
அவருக்கும் வியாபாரம்.

கடைசிச் சுரத்துக்குத்தான் மூச்சுக் காணவில்லை.
கடலோர ரயிலைப் பிடித்தோம்.
எஞ்சின் வரும்போது தொடங்கு,
கடைசிப் பெட்டி போனால் விடு.
மூன்றாம் பெட்டியில் ஷெவோன் அவுட்.
ஐந்தாவதில் இரட்டையர், ஒருவரையொருவர் கிள்ளியபடி.
எட்டாவது வரை போனவள் டினுஜி மட்டும்.
"அவள் நீச்சல் பழகிறவள், அன்ரி, அது ஏமாத்து!"

சனிக்கிழமை இரவு.
வெள்ளை உடுப்பு, கழுத்தெல்லாம் பவுடர்.
கருணை வந்தது:
பின்வரிசை முழுதும் ஒரு சாண் எழும்பி இறங்க
மரமேடை டமார் என்றது.
போதகர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
லூ வந்தது:
முப்பத்தெட்டுக் கைகள்
இல்லாத ரப்பரை இழுத்தன.

கடைசிச் சுரத்தில் ஏறியபோதுதான்
தண்டவாளம் அதிர்ந்தது.
எட்டு மணிக்கு முதலே போகவேண்டிய ரயில், பிந்தி வருகிறது.
செல்வதாசன் மாஸ்டர் கீபோர்டில் இருந்து கையை எடுத்தார்.
அவர்கள் விடவில்லை.
யன்னல்கள் நடுங்கின,
முன்வரிசைத் தாய்மார் தைலம் தேடினார்கள்,
நான் தூணுக்குப் பின்னால் நின்று
விடுங்கோ, விடுங்கோ என்று கை காட்டினேன்.
ஷெவோன் மூச்செடுக்க இரட்டையர் பிடித்தார்கள்,
இரட்டையர் எடுக்க அமரிஷா,
அவள் எடுக்க மறுபடி ஷெவோன்.
இதை நான் சொல்லிக் கொடுக்கவில்லை.

பிறகு ரயில் இல்லை.
கைதட்ட யாருக்கும் தோன்றுமுன்
ஒரு அலை மட்டும் கேட்டது.
முன்வரிசையில் இருந்து டினுஜி
மைக்கை மறந்துபோய்ச் சொன்னாள்:

"அன்ரி, இண்டைக்கு ஒம்பது பெட்டி."