தவறான டைரி

மொந்தேவிதேயோவில் வருடத்தின் கடைசி வேலைநாள்.
நண்பகல் தாண்டியதும்
ரின்கோன் தெருவின் ஜன்னல்கள் ஒவ்வொன்றாய்த் திறக்கும்.
வருடம் முழுக்க எழுதிய டைரியைக் கிழித்து
வெளியே வீசுவது எங்கள் ஊர் வழக்கம்.
கீழே போகிறவர்கள் தலையில் யாருடைய பிப்ரவரியோ விழும்,
தட்டிவிட்டு நடப்பார்கள்.

நானும் வீசினேன்.
நான்காம் மாடி, சுங்கத் தரகர் அலுவலகம்,
பதினேழு வருடமாய் அதே ஜன்னல்.
கொத்துக்கொத்தாய்க் கிழித்தேன்.
மார்ச் போனது. ஏப்ரல் போனது.
வில்மார் சிடர் பாட்டிலைக் குலுக்கித் திறந்து
பாதியை என் கழுத்தில் ஊற்றினான்.
ஆகஸ்டில் கை வைத்தபோதுதான்
ஓரத்து எண்ணெய்க் கறை கண்ணில் பட்டது.

சுங்க ரசீதுகளோடு கிடக்கும் டைரியில்
ஏது எண்ணெய்க் கறை?

எனக்கு டைரிகள் இரண்டு.
கறுப்பு அட்டை, அலுவலகத்துக்கு:
கன்டெய்னர் எண்கள், முத்திரைக் கட்டணம்,
திரும்ப அழைக்கவேண்டியவர்கள்.
மற்றதும் கறுப்பு அட்டைதான்
(இரண்டாய் வாங்கினால் கடைக்காரர் விலை குறைத்தார்),
அது வீட்டுக்கு.

அதில் பெரிதாய் ஒன்றுமில்லை.
கேஸ் சிலிண்டர் மாற்றிய தேதி.
"மழை. தோர்த்தா ஃப்ரீத்தா பதினொன்று. எல்வியோ ஏழு."
மழை பிடித்தால் இங்கே எந்த மாடிப்படியிலும்
மாவு பொரியும் வாசனைதான்.
"புதுத் தலையணை உறை. கஞ்சி வாசனை. தூக்கம் வரவில்லை,
வராததும் நன்றாயிருந்தது."
"குளியலறைக் குழாய் சொட்டுவது நின்றுவிட்டது.
நாங்கள் ஒன்றும் செய்யவில்லை."
மாதாமாதம் இருபத்தொன்பதில்
"நியோக்கி. தட்டுக்கடியில் நூறு பெசோ."
காசு பெருகும் என்பார்கள்.
ஆறு வருடமாய் அதே நோட்டு,
பெருகவில்லை,
கொஞ்சம் தக்காளி நிறமாயிற்று.

ஜூலை பன்னிரண்டில் ஒரே வரி:
"எதுவும் நடக்கவில்லை. ஃபிளாஸ்க்கில் வெந்நீர்
இருட்டும்வரை சூடாயிருந்தது."
அந்த வரிக்காகத்தான் கீழே ஓடினேன்
என்று நினைக்கிறேன்.

லிப்ட் நின்றிருந்தது. எட்டுத் திருப்பம் படிகள்.
தெருவில் கணுக்கால் ஆழத்துக்குக் காகிதம்,
ஆற்றுக்காற்று வேறு அதைக் கிளறிக்கொண்டிருந்தது.
கடலில் கரைத்த பெருங்காயமாய்
என் ஏழு மாதங்கள்.
முட்டிபோட்டுத் தேடினேன்.
பல் மருத்துவர். பல் மருத்துவர். வழக்கு ஒத்திவைப்பு.
யாரோ தனக்கே எழுதிக்கொண்ட "இனிப்பைக் குறை",
இரண்டு அடிக்கோடு,
மறுநாளே ஒரு கேக் கடையின் தொலைபேசி எண்.

பெருக்குகிறவர் துடைப்பத்தை ஊன்றி நின்றார்.
"என்னம்மா தொலைச்சீங்க, மோதிரமா?"
"ஜூலை," என்றேன்.
அவர் சிரிக்கவில்லை.
தள்ளுவண்டிக்குள் முழங்கைவரை விட்டு
ஒரு கத்தையை அள்ளித் தந்தார்,
அதில் ஜூலை இருக்குமா என்று
அவரும் எட்டிப் பார்த்தார்.

ஜூலைகள் இருந்தன. என்னுடையது இல்லை.
ஒரு தாள் மட்டும், பச்சை மை, சாய்ந்த எழுத்து:
"செவ்வாய். அறுபது வாட் பல்பு.
பூனைக்கு மாத்திரை, ஹாமில் சுருட்டி.
சாயந்திரம் அவள் பாதத்துக்குக் கிரீம் தடவணும்.
அவளாகக் கேட்கமாட்டாள்."

அதை நான்காய் மடித்துப் பைக்குள் வைத்தேன்.
திருட்டுத்தான்.

வீட்டில் எல்வியோ மாத்தே நிரப்பிக்கொண்டிருந்தான்.
நடந்ததைச் சொன்னேன்.
உறிஞ்சி முடித்து, குடுவையை என்னிடம் நீட்டி,
"தோர்த்தா அன்னிக்கு நான் தின்னது ஒன்பது," என்றான்.
"நீ எப்பவும் குறைச்சுத்தான் எழுதுவே."

ஒன்றும் பேசாமல்
காலைத் தூக்கி அவன் மடியில் வைத்தேன்.
இது என்ன புதுசு என்று பார்த்தான்,
பிறகு செருப்பின் வாரைக் கழற்றினான்.

ஜனவரிக்கு இன்னும் இரண்டு நாள்.
புது டைரியில் அதற்குப் பக்கம் கிடையாது.
கிழித்தாலும் வராத இடமாய்,
அட்டையின் உட்புறத்தில் எழுதினேன்:
ஒன்பது.

இந்தமுறை சிவப்பு அட்டை.
விலை குறைக்க மாட்டேன் என்றுவிட்டார்.