இன்னும் ஒரு வளைவு

ஞாயிறு, ஐந்தரை. அப்புத்தளைச் சந்தியில்
பூட்டிய கடைகளின் முன் நாங்கள் நால்வர்.
லோஜினி சப்பாத்து நாடாவை
இரட்டை முடிச்சிட்டாள்.
பனியில் தேயிலை இல்லை, ரோடு மட்டும்,
அதுவும் ஆறடிக்கு.

எங்கள் சட்டம்: முதலில் ஏறியவர்
இறங்கி வந்து கடைசி ஆளைக் கூட்டிப்போக வேண்டும்.
கடைசி ஆள் எப்போதும் நான்.

கிங்ஸ்லி வந்தான், மூச்சு வாங்காமல்.
"இன்னும் ஒரு வளைவுதான்."
ஏழாம் நம்பர் மலையடியில் அஸ்மியா.
"இந்தா, ஒரே வளைவு."
தொடை எரிந்தது.
பாண்காரரின் ஆட்டோ
என்னை முந்த முடியாமல்
ஒரே மெட்டை ஏற்றம் முழுக்க வாசித்தது.

உச்சியில் ஒன்றும் தெரியவில்லை.
நால்வருக்கும் ஒரே பிளாஸ்கில் பிளேன்டீ.

இறங்கும்போது வெயில் வந்துவிட்டது.
எண்ணினேன்: பதினொரு வளைவு.
சொல்லவில்லை.
அடுத்த ஞாயிறும்
நம்ப வேண்டுமே.