மெய்ப்பு

ராயப்பேட்டை அச்சக மாடியில்
என் மேசைக்கு வந்தது தங்கையின் நாவல்.
முந்நூற்றுப் பன்னிரண்டு பக்கம்.
பக்கத்துக்குப் பதினெட்டு ரூபாய்.
உங்க தங்கச்சிதானே என்று
முதலாளி குறைத்துக் கேட்டார்.
குறைக்கவில்லை.

ஓர் அக்கா, ஒரு தங்கை.
பெரம்பூர், ரயில்வே குடியிருப்பு,
பெட்டித் தொழிற்சாலையில் அப்பா.
எனக்கு ரூபவதி என்று பெயர் வைத்திருக்கிறாள்.
மூக்கை மட்டும் மாற்றவில்லை.

முதல் நாள் பிழைகளை மட்டும் பார்த்தேன்.
சுகிர்தாவுக்கு வல்லினம் மிகும் இடம்
ஆறாம் வகுப்பிலிருந்தே தெரியாது.
அவள் வாக்கியத்துக்குள் ஒரு 'க்' செருகும்போதெல்லாம்
பள்ளிக்கூட நாளில் அவள் பின்னலை இழுத்துக் கட்டியதுபோல
கொஞ்சம் அதிகமாகவே அழுத்தினேன்.
பென்சில் முனை உடைந்தது.

பெசன்ட் நகருக்கு இருபத்தொன்பது சி.
இருபத்தேழு என்று எழுதியிருக்கிறாள்.
அம்மா வைத்தது நெத்திலிக் குழம்பு.
வஞ்சிரம் வாங்க
எங்கே இருந்தது காசு?
திருத்தினேன்.

நூற்று நாற்பதாம் பக்கத்தில்
தங்கைக்காரி பொறாமைப்படத் தொடங்குகிறாள்.
அக்காவின் முடி. அக்காவின் கையெழுத்து.
அப்பாவின் சைக்கிள் முன்கம்பியில்
அக்கா உட்காரும் விதம்.
பதினாறு பக்கம், மூச்சு விடாமல்.

எவ்வளவு நன்றாக எழுதியிருக்கிறாள்.
அதுதான் தாங்கவில்லை.
அந்தப் பொறாமை என்னுடையது.
அவள் கல்லூரி ஃபீஸுக்கு
என் செயின் போன நாளிலிருந்து
யாரும் பார்க்காதபோது சோறு போட்டு
நான் வளர்த்தது.
என் சுடிதார், என் குடை, என் ஜியாமெட்ரி பாக்ஸ்
எல்லாம் அவளுக்குத்தான் போயின.
இதுவுமா?

பக்கத்து மேசை கலியமூர்த்தி எட்டிப் பார்த்து
'கொஞ்சம் இழுக்குது இல்ல மேடம்' என்றான்.
உனக்கு என்னடா தெரியும் என்று கத்தினேன்.
லே அவுட் பையன்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.

டீ வந்தது, ஆறியது.
இருநூற்றுப் பதினொன்று.

மதுரையிலிருந்து ஒரு வேலைக் கடிதம்,
நேர்காணல் முடிந்த பிறகு வீடு வந்து சேர்கிறது.
கதையில் குற்றவாளி மழை.
வியாசர்பாடிப் பாலத்தடியில் இடுப்பளவு தண்ணீர்,
தபால்காரர் வரவில்லை.

உண்மையில் அந்த வாரம் நல்ல வெயில்.
கடிதம் நேரத்துக்கே வந்தது.
அரிசி டிரம்மில், படிக்கு அடியில்,
ஒன்பது நாள் இருந்தது.
வைத்தது நான்.
பத்தாம் நாள் 'இப்பத்தான் வந்துச்சுடி' என்று
நீட்டியதும் நான்.
இருபத்திரண்டு வருஷம் ஆகிறது.
அவளுக்குத் தெரியாது என்ற ஒரே தைரியத்தில்
அவள் கல்யாணத்தில் பந்தி பரிமாறினேன்,
அவள் பிள்ளைக்குப் பெயர் சொன்னேன்.

பத்தியின் கடைசி வரி இப்படி முடிகிறது:
'மழையில் வந்த கடிதம் நனைந்திருக்கவில்லை.
பிரித்தபோது
காய்ந்த வேப்பிலை ஒன்று மடியில் விழுந்தது.'

அவ்வளவுதான்.
ரூபவதியைப் பற்றி ஒரு சொல் இல்லை.
அடுத்த பத்தியில் கதை
எழும்பூர் ஸ்டேஷனுக்குப் போய்விடுகிறது.

வண்டு வராமல் இருக்க
அரிசியில் வேப்பிலை போட்டு வைப்பது
எங்கள் வீட்டு வழக்கம்.
படிக்கிறவர்களுக்கு அது தெரியவேண்டியதில்லை.

என் வேலைப்படி
ஓரத்தில் நான் எழுத வேண்டியது:
கடிதத்துக்குள் வேப்பிலை எப்படி?
ஆசிரியரைக் கேட்கவும்.
எழுதினேன், கேள்விக்குறிவரை.
பிறகு அழித்தேன்.
அந்த இடத்தில் தாள் மெலிந்துபோயிற்று.

தெரியாமல் அடித்துவிட்ட சொல்லை
பழையபடியே விட
அடியில் வரிசையாகப் புள்ளி வைப்போம்.
இருக்கட்டும் என்று அர்த்தம்.
யாரும் அடிக்காத சொல்லுக்கு
யாரும் புள்ளி வைப்பதில்லை.
வேப்பிலைக்கு அடியில் ஐந்து வைத்தேன்.

நான்கு நாள் கழித்து,
திருத்தப் பக்கங்கள் அவள் கைக்குப் போன ராத்திரி,
ஃபோன் வந்தது.
'எப்படிக்கா இருக்கு?'
'ஒற்று இன்னும் நீ கத்துக்கல.'
சிரித்தாள்.
'மீனை மாத்திட்டேன்' என்றேன்.
'பார்த்தேன்' என்றாள். 'எல்லாத்தையும் பார்த்தேன்.'

அவள் வீட்டுக் குக்கர்
மூன்றாவது விசில் அடிக்கும்வரை
ரெண்டு பேரும் ஃபோனை வைக்கவில்லை.