ரோடு வெட்டுகிறவனின் தலை

அண்ணா நகர் இரண்டாம் அவென்யூ,
இனிப்புக் கடைக்கு மேலே இரண்டாவது மாடி.
லிஃப்டில் வந்த மூன்று பேருமே
ஹெல்மெட்டைக் கழற்றவில்லை.

டாக்டர் தயாபரன் என் நெற்றியில்
ஊதா மார்க்கரால் கோடு போட்டார்.
நானும் அப்படித்தான் போடுவேன்,
தார்மேல், மஞ்சள் பெயின்டில்,
எந்தத் தெருவை எங்கே பிளக்கலாம் என்று.
கேபிளுக்கு ரோடு வெட்டும் கான்ட்ராக்டில்
பதினாலு வருஷமாக சூப்பர்வைசர்.

"நாத்துப் பிடுங்கி நடுற மாதிரிதான் சார்" என்றார்.
வயலை ரயில் ஜன்னலில் பார்த்தவன் நான்.
வில்லிவாக்கத்தில் பிறந்தவனுக்கு
வேறு உவமை கொடுங்கள் என்று கேட்க முடியுமா,
ஆயிரம் ரூபாய் கன்சல்டேஷனில்?
நானே மாற்றிக்கொண்டேன்.

முதல் வழி, பின்மண்டையில் காதிலிருந்து காதுக்கு
ஒரு பட்டை தோலை எடுத்துத் தைப்பது,
எடுத்ததை லென்ஸ் வைத்து வேர் வேராகப் பிரிப்பது.
ஓப்பன் ட்ரெஞ்ச்.
உள்ளே இருப்பதெல்லாம் கண்ணுக்குத் தெரியும்.
மூடிய பிறகு தெருவுக்கு ஒரு தழும்பு,
ஆயுசுக்கும்.

இரண்டாவது, ஒவ்வொரு வேராகத் துளை போட்டு எடுப்பது.
ஒரு மில்லிமீட்டர் துளை,
மூவாயிரம்.
கோடு விழாது, புள்ளிதான், தேடினாலும் கிடைக்காது என்றார்.
குழி தோண்டாமல் ட்ரில் விடுகிறவர்களும்
இதையேதான் சொல்வார்கள்,
அடியில் மெட்ரோ வாட்டர் பைப் வெடிக்கும்வரை.

கவுன்சிலர் பெனசிர் கால்குலேட்டரைத் திருப்பிக் காட்டினாள்.
ஒரு வேருக்கு முப்பத்தெட்டு ரூபாய்.
மயிரைக் கட்டி மலையை இழு,
வந்தால் மலை, போனால் மயிர் என்பார்கள்.
இங்கே மலையைக் கட்டி மயிரை இழுக்கிறோம்,
இருபத்துநாலு மாத இஎம்ஐயில்.

"நட்ட முடி மூணு வாரத்துல கொட்டிடும் சார்.
பயந்துடாதீங்க, நாலாம் மாசம் திரும்ப வரும்."
கொட்டுவதற்கும் சேர்த்துத்தான் காசு.
"பின்னாடி ஸ்டாக் கொஞ்சம்தான்.
மத்த முடி போயிட்டே இருந்தா
நட்டது மட்டும் தனியா நிக்கும்."
தீவு என்று அவள் சொல்லவில்லை,
பேப்பரில் வரைந்தாள்.

துளை போட மொட்டை அடிக்க வேண்டும்.
அங்கேதான் சிக்கியது.

சைட்டில் திருப்பதியா என்பார்கள், லட்டு எங்கே என்பார்கள்,
வாங்கியே கொடுத்துவிடலாம்.
வீட்டில் அப்பா இருக்கிறார்.
ஐசிஎஃப்பில் ரயில் பெட்டிக்குப் பெயின்ட் அடித்தவர்.
மூத்த மகன் மொட்டைத் தலையோடு வாசலில் நின்றால்
தன்னைத் தானே கிள்ளிப் பார்ப்பார்.

ராத்திரி சொன்னேன்.
இட்லியைப் பிட்டபடி முழுசாகக் கேட்டார்.
பிறகு பிடரியைத் தடவினார்.
காதுக்கும் காதுக்கும் நடுவே
வெள்ளையாய் ஒரு நடைபாதை, அவ்வளவுதான் மிச்சம்.
"இது சும்மாதான கிடக்கு. எடுத்துக்கச் சொல்லேன்."
அடுத்தவங்க முடிய உடம்பு ஏத்துக்காதுப்பா.
"நான் அடுத்தவனா?"

இந்த வழுக்கையே நீங்க குடுத்ததுதான் என்று
சொல்ல வந்தேன்.
சாம்பார் ஊற்றினேன்.

மறுநாள் விடிவதற்குள் மழை பிடித்துக்கொண்டது.
போன மாதம் நான் மூடிய ஷெனாய் நகர் வெட்டு
ஒரு சாண் இறங்கியிருந்தது.
முன்சக்கரத்தை அதில் விட்ட ஆட்டோக்காரர்
வானத்தைப் பார்த்துத் திட்டினார்,
"மயிரு ரோடு போட்டுருக்கான்."
ஹெல்மெட்டுக்குள் சிரித்தேன்.

பெனசிர் போன் செய்தாள். எந்த முறை சார்?
நீள வெட்டுதான் மேடம், தழும்பு எனக்குப் பழக்கம்.
தேதி?
மழை முடியட்டும்.
மழைக்காலத்தில் வெட்ட அனுமதி கிடையாது,
கார்ப்பரேஷன் ரூல்.

"சார், இது தலை" என்றாள்.
தெரியும் என்றேன்,
பூவரசங்கிளை ஒன்றை ஒடித்து
பள்ளத்தின் நடுவில் நட்டுக்கொண்டே.