அரைப்புள்ளி

செக்காலை ரோட்டில் எல்லாரும்
ஷட்டர் இறக்கிய பிறகும்
சிக்கந்தர் ஜெராக்ஸில் விளக்கு எரிந்தது.
"மறுபடியுமா ஆச்சி?"
மறுபடியும்தான்.

சோதனைக்கு ஒரு படம் வேண்டும்.
பையில் கிடைத்தது கோயில் ரசீது:
புள்ளி வரி, உமையாள், அரைப்புள்ளி.
கல்யாணம் ஆனால் ஒரு புள்ளி,
இருவரில் ஒருவர் போனால் அரை.
வரியும் பாதிதான், சலுகை.
'அரை' என்பதை மட்டும் ஸ்கேன் செய்தேன்.

ரகசியத்தைப் பங்கு பிரிப்பது எளிது.
ஒவ்வொரு புள்ளியையும் இரண்டாக வெட்டு,
ஒரு பாதி கறுப்பு, ஒரு பாதி கண்ணாடி.
எது எந்தப் பக்கம் என்பதைக் காசு சுண்டி முடிவு செய்.
இரு தாளிலும் ஒரே பக்கம் கறுத்தால் அங்கே வெள்ளை,
எதிரெதிர்ப் பக்கம் என்றால் கறுப்பு.
தனித்தாள் வாய் திறக்காது,
கேழ்வரகு சிந்தின தரை மாதிரி கிடக்கும்.

சேர்த்தால் சொல்லும், மங்கலாக.
கறுப்பு கறுப்பாகவே வரும்.
வெள்ளை மட்டும் பாதி கறுத்து வரும்.
கறுப்பின் மேல் எதை வைத்தாலும் வெளுப்பதில்லை.
"அடுக்கிப் பார்த்தால் ஐம்பது சதவீதம்தான் எல்லை,
எழுதி முடிச்சிடு" என்றார் கைடு மேடம்.
மூன்று வருஷமாக
அந்தச் சாம்பலைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

சிக்கந்தர் மெஷினில் ஒரு பொத்தான்,
யாரும் தொடாதது: நெகடிவ்.
ஒரு தாளின் மேல் மற்றதன் நெகடிவ்,
அடுக்கியதை நகலெடுத்து அதற்கும் நெகடிவ்.
பிறகு தாள்களை மாற்றிப் போட்டு இன்னொரு தடவை.
நடுவில் ஒரு கணம் பயந்துவிட்டேன்.
வெள்ளையாக வேண்டிய இடமெல்லாம்
மிச்சமில்லாமல் கறுத்திருந்தது.

பாதிக் கறுப்பை வெளுக்க வழி கிடையாது.
முழுசாய்க் கறுத்ததைத்தான்
மெஷின் ஒரே இழுப்பில் வெளுத்துத் துப்பியது.

கடைசி இரண்டு ஃபிலிமையும்
ஓரம் பிசகாமல் சேர்த்து
மூச்சைப் பிடித்து
ட்யூப்லைட்டுக்கு நேரே தூக்கினேன்.
முட்டைப்பூச்சுச் சுவரின் வெள்ளை.
நடுவில், ஒரு கசிவும் இல்லாமல்,
அரை.
ரசீது எழுதிய கணக்கப்பிள்ளைகூட
இவ்வளவு தெளிவாக எழுதவில்லை.

சிக்கந்தர் எட்டிப் பார்த்தார்.
"அரையா? எதுல அரை?"
சிரிப்பு வந்துவிட்டது.
நாளைக்கு ஒரு யானைப் படம் போட வேண்டும்.
"அதை விடுங்க, எவ்வளவு ஆச்சு?"

நல்லது ஆறு, வீணானது மூன்று,
விரல்விட்டு எண்ணினார்.
"ஒம்பதுக்கும் முழுக் காசுதான் ஆச்சி.
எழுத்து விழுந்தாலும் விழாட்டாலும்
டோனர் டோனர்தானே."