அடிக்குறிப்பு 61

சிம்மக்கல்லில் மாடிப்படிக்குக் கீழே என் கணினி.
கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி,
காதுகுத்துக்கு ஃப்ளெக்ஸ்.
புத்தகம் என்றால் பக்கத்துக்கு நாற்பது ரூபாய்.

அந்த அம்மா பேர் வெள்ளைத்தாய்.
மேலூர்ப் பக்கம் கிராமச் செவிலியர்.
மஞ்சள்பை நிறையத் தாள் கொண்டுவந்தார்:
தடுப்பூசிப் பதிவேட்டின் பின்பக்கங்களில்
ஓடைக்கருப்பூர் காலனியின் நூற்றிருபது வருஷம்.
'பிறப்பை எழுதத்தான் சம்பளம்.
இது சம்பளமில்லாத வேலை, கொஞ்சம் குறைச்சுக்கங்க.'
முப்பத்தைந்துக்கு ஒத்துக்கொண்டேன்.

தாளைத் திருப்பினால் போலியோ சொட்டு,
திருப்பினால் பஞ்சம்.
சிலோனுக்குப் போனவர்கள்,
மடை திறக்கப்போய் வராதவன்,
இனி எந்தச் சாவுக்கும் மேளம் அடிக்க மாட்டோம் என்று
ஐப்பசி மழையில் நின்ற பதினோரு பேர்.
பதினோரு பேருக்கும் பேர் இருந்தது,
தகப்பன் பேர் இருந்தது.
கலெக்டர் ஆபீஸ் பழைய கட்டில் அவர்கள்
'மற்றும் சிலர்'.

சடைச்சி, பூலாண்டி, குழந்தாயி, அரியான்.
எல்லாப் பேருக்கும் அடியில்
கணினி சிவப்புக்கோடு இழுத்தது.
அதற்குத் தெரிந்த தமிழில் இவர்கள் பிழை.
அகராதியில் சேர், அகராதியில் சேர் என்று
டீக்குக்கூடப் போகாமல் அழுத்திக்கொண்டிருந்தேன்.

நூற்று நாற்பத்து மூன்றாம் பக்கம் வரைக்கும்
அது யாருடைய கதையோ.

'சர்க்கார் கொடுத்த பஞ்சமி நிலம் பதினோரு ஏக்கர் நாற்பது சென்ட்.
ரெண்டு மூட்டைக் கேழ்வரகுக்கும் ஒரு சாவுச்செலவுக்கும் ஈடாக
அரியானின் பெருவிரலைப் பிடித்து மையில் தோய்த்தவர்
மணியக்காரர் செவத்தகாளை.'

என் தாத்தாவுக்கு அப்பா.
அண்ணன் மகனுக்கு அந்தப் பேர்தான் வைத்திருக்கிறோம்.

தட்டச்சுக்காரனுக்கும் சின்னதாக ஓர் அதிகாரம் உண்டு.
'ளை'யை 'லை' ஆக்கினால் போதும், ஆளே வேறு.
அச்சுப்பிழை என்று போய்விடும்.
ஒரு தடவை ஆக்கிப் பார்த்தேன்.
செவத்தகாலை.
விடியல் மாதிரி அழகாக இருந்தது.
அதற்கும் சிவப்புக்கோடு.
திரும்ப 'ளை' போட்டுவிட்டுக்
கை கழுவப் போனேன்.

ஞாயிற்றுக்கிழமை பிழை பார்க்க வந்தார்,
உதடு அசைய, வரிக்கு வரி விரல் வைத்து.
கல்லூரியில் ஒருத்தர் கேட்டாராம்,
வாய்ச்சொல்லெல்லாம் ஆதாரமாகுமா என்று.
'பிள்ளைக்குக் காய்ச்சல்னு தாய் சொன்னா
மருந்து குடுக்கிறோம்ல சார், அப்படித்தான்.'
அந்தப் பக்கத்தில் நிறுத்தினார்.
என் வயிற்றில் ஏதோ புரண்டது.
'இடது பெருவிரல்னு போடுங்க. இடதுதான்.'
பிறகு, நிமிராமலே,
'உங்களுக்கு எந்த ஊரு?'
'மதுரைதான்' என்றேன்.
இருபது வருஷமாக அது பொய்யில்லை.

கீழே, பொடி எழுத்தில், அடிக்குறிப்பு 61:
'மூலப் பத்திரம் பார்க்கக் கிடைக்கவில்லை.
காலனியில் ஒன்பது பேர் சொன்னது.'

கிடைக்கிற இடம் எனக்குத் தெரியும்.
ஊர் வீட்டு இரும்புப் பீரோ,
அப்பாவின் இன்சூரன்ஸ் தாளுக்குக் கீழே துணிப்பை.
ஆறேழு வயதில் அந்தக் கைநாட்டை
நத்தை ஓடு என்று நினைத்து
என் விரலை மேலே வைத்து அளந்திருக்கிறேன்.
பெரிய விரல்.
இடதா வலதா என்று கேட்கத் தோன்றவில்லை.

வியாழக்கிழமை பிளேட் போகிறது.
'அறுபத்தொண்ண அப்படியே விட்டுரலாமா?'
'கிடைச்சா மாத்தலாம். கிடைக்கணுமே'
என்று சொல்லிக்கொண்டே
ஏழாயிரத்து முந்நூற்றைம்பதை
மேஜையில் எண்ணி வைத்தார், ஐம்பதும் நூறுமாக.

அவர் போனபின் கோப்பை மூடவில்லை.
மாட்டுத்தாவணியில் எங்கள் ஊருக்குக் கடைசி பஸ்
எட்டரைக்கு.
மணி ஏழேமுக்கால்.