ஏலாது

என் வாயில் முதலில் வரும் சொல் ஓம்.
கோணேசர் கோயிலில் சொல்லுகிற ஓம் இல்லை,
கந்தோரில் சொல்லுகிற ஓம்.

"சுகிர்தா, வெள்ளிக்கிழமை என்ர வேலையையும் ஒருக்காப் பாப்பீரோ?"
ஓம்.
"ஸ்கூட்டியைத் தாரும், மடத்தடி மட்டும் போயிட்டு வாறன்."
ஓம்.
அது உப்புவெளி வரை போய்
பெற்றோல் முள் சிவப்பில் கிடக்க
இரவு ஏழு மணிக்குத் திரும்பும்.
"சீனி போட்டுத்தானே குடிக்கிறனீர்?"
ஓம் என்று சொல்லி எட்டு வருஷம்.
எனக்குப் பிளேன்ரீக்குச் சீனி பிடிக்காது.

இதெல்லாம் சில்லறை.

கோகுலராஜ் பிணைக்குக் கேட்டது ஒரு மழைநாளில்.
வங்கிக் கண்ணாடிக்கு அப்பால்
உள்துறைமுகம் சாம்பலாய்க் கிடந்தது.
"பேருக்குத்தான் அக்கா, சும்மா ஒரு கையெழுத்து."
அவன் தந்த பேனையில் மை வரவில்லை.
நானே கைப்பைக்குள் துழாவி
என் பேனையை எடுத்துப் போட்டேன்.
அவன் இப்போது கட்டாரில்.
என் சம்பளத் தாளில் மாதாமாதம்
ஆறாயிரத்து நானூற்றெண்பது
அவன் பெயரில்லாமல் கழிகிறது.

நல்ல பிள்ளை என்கிறார்கள்.
நல்ல பிள்ளைக்கு விடியப்புறம் தாடை வலிக்கும்.
"நித்திரையில பல்லு நெருமுறீங்கள்"
என்றார் பல் வைத்தியர்.
பகலில் விழுங்கியதை
இரவில் அரைக்கிறேன் போல.

நேற்று அண்ணன் வந்தான்.
இன்னொரு படிவம்.
நான் கையெழுத்திட வேண்டிய இடத்தை
பென்சிலால் புள்ளடி போட்டே கொண்டுவந்திருந்தான்.
"ஏலாது அண்ணா."
"என்ன?" என்றான், காது கேளாதவன் மாதிரி.
"ஏலாது."
காரணம் சொல்ல வாயெடுத்தேன்.
ஒவ்வொன்றாய்க் கழற்றிக் கையில் தருவான் என்று தெரியும்.
மூடிக்கொண்டேன்.
தேத்தண்ணியைத் தொடவில்லை அவன்.
"நீ மாறிட்டாய்" என்று எழும்பிப் போனான்,
கேற்றைச் சாத்தாமல்.

டச்சுக் குடாப் பக்கத்து மான்கள்
எங்கள் ஒழுங்கைக்கும் வரும்.
செவ்வரத்தையை மொட்டோடு தின்னும்.
அந்தக் கண்ணுக்காக
ஒருநாளும் நான் கேற்றைப் பூட்டினதில்லை.
மூன்று வருஷமாய் முற்றத்தில் ஒரு பூவும் இல்லை.
நேற்றுப் பூட்டினேன்.
கம்பிக்கு அப்பால் கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டு நின்றது ஒன்று,
பிறகு அடுத்த வீட்டுக்கு நடந்தது.
அதற்குக் கோபமில்லை.
அண்ணனுக்கு இருக்கும்.

"சொறி அண்ணா" என்று போனில் எழுதி
அழித்து, எழுதி,
அழித்தேன்.
அவன் குடியாத தேத்தண்ணியில் எறும்பு.
அதை ஊற்றிவிட்டு
எனக்கொன்று போட்டேன், சீனியில்லாமல்.

கசந்தது.
எட்டு வருஷம் அல்லவா,
நாக்குக்கும் கொஞ்ச நாள் வேணும்.